மக்கள் முதல்வர் உண்டு, வார்டு உறுப்பினர் இல்லை

அடித்தட்டில் முற்போக்கு அரசியலை அமைப்பாகக் கட்ட விரும்புகிறவர்கள் பாப்புலிசத்தை, அதாவது மக்களின் பெயரால் பேசி மக்களைத் திரட்டும் அரசியலை, நம்மில் சிலர் வெகுமக்கள்வாதம் என்று எழுதுவதை, வழிகாட்டியாகக் கொள்ளலாமா என்ற விவாதம் எங்கள் நண்பர் வட்டத்தில் சில மாதங்களாக நடந்துவருகிறது. இளைய தோழர்கள் பெரும்பாலும் கொள்ளலாம் என்கிறார்கள். தொழிற்சங்கத்தில் தலை நரைத்த என்னைப் போன்றவர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறோம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தைக் கூட்ட அது உதவும். எதிரில் நிற்பது யார் என்று காட்டவும் உதவும். ஆனால் கூடியவர்களை ஓர் அமைப்பாக மாற்றும் அன்றாட வேலையில் அது வழிகாட்டுவதில்லை, பல நேரங்களில் வழிமறிக்கவே செய்கிறது என்பது என் கருத்து. வாழ்நாளில் பாதியைக் கடலூரிலும் பாதியைப் புதுச்சேரியிலும் கழித்தவன் என்பதால் இந்த இரண்டு ஊர்களையும் வைத்தே அதை விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் இளையவர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். அர்ஜென்டினாவில் அதிபர் பெரோனின் பெயரால் எழுந்த பெரோனியத்தைப் பார்த்து வளர்ந்த எர்னஸ்டோ லக்லாவ், அவரோடு இணைந்து எழுதிய ஷாந்தால் மூஃப் ஆகியோரின் சிந்தனையே இவர்களுக்கு ஆதாரம். ஒருவருக்குத் தண்ணீர் வரவில்லை, இன்னொருவருக்குப் பட்டா கிடைக்கவில்லை, மூன்றாமவருக்குக் கூலி பாக்கி. தனித்தனியாக நின்றால் இவை மூன்றும் வெறும் மனுக்கள். மூன்றையும் மறுப்பது ஒரே அதிகாரம்தான் என்று உணர்த்தும் ஒரு பொதுக் குரல் எழுந்தால், மனுதாரர்கள் மக்களாகிறார்கள். இந்த இணைப்பு தானாக நிகழாது, அரசியல்தான் அதை நிகழ்த்த வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை. வர்க்கம் என்று ஒன்று ஏற்கெனவே திரண்டு காத்திருக்கிறது, நாம் போய் அழைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த பழைய தலைமுறைக்கு இது தேவையான மருந்து என்பதை மறுக்க மாட்டேன்.

வெகுமக்கள்வாதத்தின் மீது நம் பக்கத்துப் படித்தவர்களுக்கு இருக்கும் ஏளனத்தில் எனக்குப் பங்கில்லை. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பொருளாதாரம் பேசியவர்களும் இருந்தார்கள். 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கிய பிறகும் தமிழ்நாடு அதை எல்லோருக்குமாக வைத்துக்கொண்டதற்கு, அரிசியில் கை வைத்தால் ஆட்சி போகும் என்று இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இருந்த அச்சமும் ஒரு காரணம். இடதுசாரிகள் எழுதிய எந்தத் தீர்மானமும் அந்த அச்சத்தை உண்டாக்கியிருக்காது. தமிழக அரசியலை ஆராய்ந்த நரேந்திர சுப்பிரமணியன் இங்கே இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்: திராவிட முன்னேற்றக் கழகம் வளர்த்தது உரிமை கோரி எழச் செய்யும் வகை, எம்.ஜி.ஆர். வளர்த்தது தந்தையைப் போல் காத்துக் கொடுக்கும் வகை. நடைமுறையில் இரண்டும் கலந்தே வந்தன என்றாலும் இந்தப் பிரிப்பு பயனுள்ளது. முதல் வகையில் மக்கள் கேட்கிறார்கள், இரண்டாவதில் பெறுகிறார்கள்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை இந்தப் பிரிப்பும் போதாது. சுமார் 10 இலட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குச் சராசரியாக முப்பத்து மூவாயிரம் பேர். தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் சில வார்டுகள் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். இங்கே தலைவர் திரையிலோ மேடையிலோ இல்லை. காதுகுத்துக்கு வருகிறார், சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுகிறார், மருத்துவமனைக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறார். என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியை அவருடைய ஆதரவாளர்கள் மக்கள் முதல்வர் என்று அழைப்பதில் உள்ள பொருளும் இதுதான்: மோட்டார் சைக்கிளில் வருவார், யாரும் கிட்டப் போய்ப் பேசலாம். அவர் 2011-இல் கட்சி தொடங்கிய சில மாதங்களிலேயே ஆட்சியைப் பிடித்தார் என்றால், கிளைகளையும் மாவட்டக் குழுக்களையும் கட்டி அதைச் சாதிக்கவில்லை. வெகுமக்கள்வாதம் என்றதும் உரத்த பேச்சையும் எதிரியைச் சபிப்பதையும் எதிர்பார்க்கிறவர்களுக்குப் புதுச்சேரி புரியாது. இங்கே அது மிக மென்மையான குரலில் பேசும். எதிரியே இல்லாமல்கூட நடக்கும்.

ஆனால் இதே புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது ஒரே ஒரு முறைதான், 2006-இல். அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்ததோடு சரி. 2021-இல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. ஐந்து நகராட்சிகளையும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்திவந்தார்கள். மாஹே நம் ஆட்சிப் பகுதி. அதைச் சுற்றி இருப்பது கேரளம். 1996-இல் மக்கள் திட்டம் என்ற பெயரில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த மாநிலம் அது. அங்கே சாலையைக் கடந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து. இந்தப் பக்கம் ஆணையர் அலுவலகம். இதற்காகப் புதுச்சேரியில் ஒரு பெரிய மக்கள் எழுச்சி நடந்ததில்லை என்பதுதான் என்னை உறுத்தும் செய்தி. மாநிலத் தகுதி வேண்டும் என்று எல்லாக் கட்சியும் முழங்குகிறது; சட்டமன்றத்தில் அதற்காகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். டெல்லியிடம் கேட்பது எளிது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நாமே கொடுக்க வேண்டியதைப் பற்றி அந்த அளவு சத்தம் இல்லை. எம்.எல்.ஏ.வைக் கிட்டப் போய்ப் பார்க்க முடிகிறவருக்கு வார்டு உறுப்பினர் எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும், எம்.எல்.ஏ.வுக்கோ வார்டு உறுப்பினர் என்பவர் நாளைய போட்டியாளர். மக்களின் பெயரால் நடக்கும் அரசியலும் மக்கள் அமைப்பே இல்லாத நிலையும் ஒன்றோடொன்று இவ்வளவு சுமுகமாக வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் தேட வேண்டியதில்லை.

மக்கள் என்று அழைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதற்கும் இந்த ஊரின் வரலாறே சாட்சி. 1936 ஜூனில் பாரிஸில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. வேலைநிறுத்தங்களின் அழுத்தத்தில் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் கிடைத்தன. அடுத்த மாதம் 30-ஆம் தேதி அதே அரசின் கொடியின் கீழ் புதுச்சேரி சவானா மில்லில் துருப்புகள் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாரிஸில் மக்கள் என்று எண்ணப்பட்டவர்களின் கணக்கில் இந்த மில் தொழிலாளர்கள் இல்லை. 1937-இல் எட்டு மணி நேர வேலையை அங்கீகரிக்கும் ஆணை இங்கே வந்ததற்குக் காரணம் அந்தக் கணக்கில் தங்களையும் சேர்க்கச் சொல்லி இவர்கள் போராடியது.

எப்படிப் போராடினார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா 1934-இல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். ஹரிஜன சேவா சங்கத்தில் வேலை செய்தார். பின்னர் மூன்று மில்களிலும் தொழிலாளர்களைத் திரட்டினார். சவானா, ரோடியர், கேப்ளே என்ற அந்த மூன்று மில்களுக்கும் ஆட்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். ஒரே தறிக்கூடத்தில் நின்றாலும் வீடு திரும்பும்போது ஊருக்கும் சேரிக்கும் பிரிந்து போனவர்கள் அவர்கள். சங்கம் கட்டுவதென்றால் அந்தப் பிரிவைத் தொட்டாக வேண்டும்; தொடாமல் ஒற்றுமை பேசினால் அது வாசல் கூட்டத்தோடு கலைந்துவிடும். சுப்பையாவும் பின்னாளில் மக்கள் முன்னணி என்ற பெயரில்தான் தேர்தல் களத்தில் நின்றார் என்பதை மறக்கக் கூடாது. அந்த முன்னணிக்குப் பின்னால் சந்தா கட்டிய, கூட்டத்தில் கை தூக்கிய, சிறைக்குப் போன ஒரு சங்கம் இருந்தது. இன்று அந்த மில்கள் மூடிக் கிடக்கின்றன. ரோடியர் மில்லாக இருந்து ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிய ஆலை 2020-இல் அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. சங்கம் இருந்த இடத்தை அடைத்துக்கொண்டது, தலைவரை வீட்டில் போய்ப் பார்க்கும் திண்ணை தரிசனம்.

அமெரிக்காவில் 1892 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்ட மக்கள் கட்சியை வெகுமக்கள்வாதத்தின் பெருமைக்குரிய தொடக்கமாக இளையவர்கள் சுட்டுகிறார்கள். சரிதான், வருமானத்துக்கேற்ப உயரும் வருமான வரி, ரயில்வேயை அரசுடைமையாக்குவது என்று அந்த அறிக்கை தன் காலத்துக்கு வெகு முன்னால் நின்றது. அதே ஆண்டு அதிபர் தேர்தலில் அதன் வேட்பாளர் பத்து இலட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்றார். ஆனால் அந்த வாக்குகள் மேடைப் பேச்சில் விளைந்தவை அல்ல. பருத்தி விவசாயி விளைச்சலை அடகு வைத்துக் கடைக்காரரிடம் கடன் வாங்கி, அறுவடை முடிந்தும் மீளாத நிலையில், விவசாயிகள் சங்கங்கள் கூட்டாக வாங்கி விற்கும் கூட்டுறவுகளை நடத்தின; ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த ஆட்களை அமர்த்தின. கட்சி பிறகுதான் வந்தது. 1896-இல் அந்தக் கட்சி தன் விரிந்த கோரிக்கைகளை ஓரம் வைத்துவிட்டு, வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்க வேண்டும் என்ற ஒற்றை முழக்கத்துக்காக ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பிரையனை ஆதரித்தது. அவர் தோற்றார், கட்சியும் கரைந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1891-இல் நடந்தது. வெள்ளையர்களின் சங்கத்தில் கருப்பின விவசாயிகளுக்கு இடம் இல்லாததால் அவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. பருத்தி பறிக்கும் கூலியை உயர்த்தக் கோரி அந்தத் தனிச் சங்கத்தில் ஒரு பகுதியினர் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, வெள்ளையர் சங்கம் அதை எதிர்த்தது. ஏனென்றால் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்கள் அதன் உறுப்பினர்கள். ரயில்வே முதலாளிக்கு எதிரே நின்றபோது இருவரும் மக்கள். பருத்திக் காட்டில் ஒருவர் முதலாளி, மற்றவர் கூலி. கருப்பரும் வெள்ளையரும் ஒரே கடனில் சிக்கியவர்கள் என்று ஒரு காலத்தில் மேடையில் முழங்கிய ஜார்ஜியாவின் டாம் வாட்சன், மக்கள் கட்சித் தலைவர்களில் ஒருவர், பின்னாளில் வெளிப்படையான நிறவெறியராக மாறினார். இதை ஒரு தனிமனிதரின் வீழ்ச்சியாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் வாய்க்கால் வேலைக்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அதே மாதத்தில் அதே நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எதிரில் நின்றது ஒரே நிர்வாகம். லக்லாவ் சொல்லும் இணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. அப்படி இணைத்துப் பேசத் தெரிந்த அரசியல் அன்று அங்கே இல்லாமல் போனது பெரும் இழப்பு என்பதில் இளையவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இணைத்த மறுநாள் என்ன செய்வது? சுரங்கம் விரிந்தால்தான் வேலை நிலைக்கும் என்பது தொழிலாளியின் கணக்கு. விரியவே கூடாது என்பது விவசாயியின் கோரிக்கை. நிலத்துக்கு இழப்பீடு நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். அந்த நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே இல்லை. இந்த மூவரையும் உட்கார வைத்து, மாதக் கணக்கில் பேசி, யார் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க வைப்பதுதான் அடித்தட்டு அமைப்பின் வேலை. அந்த அறையில் மக்கள் என்ற முழக்கம் பேச்சை வளர்ப்பதற்குப் பதிலாக முடித்துவைக்கவே பயன்படும். வாய் திறக்கும் பெண்ணிடம், இப்போது ஒற்றுமையைக் கெடுக்காதே அம்மா என்று சொல்லப் பயன்படும்.

கடற்கரையிலும் அதுவே. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைப் பிரச்சினையை மீனவர்களுக்கும் அரசுக்கும் இடையிலான பிரச்சினையாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் அந்த வலைக்காக நடுக்கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டு, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட வேண்டிய நிலை வந்தது. ஒரே சமூகம், ஒரே கடல், இரண்டு ஊருக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். பல குடும்பங்கள் பங்கு போட்டுப் பல இலட்சம் செலவில் வாங்கிய வலை ஒரு பக்கம். சின்ன ஃபைபர் படகில் போகிறவருக்கு மீன் மிஞ்சாது என்ற அச்சம் மறுபக்கம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாட்கள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. தேர்தல் நேரத்தில் இரண்டு ஊர்களுக்கும் போகிற வேட்பாளர் இரண்டு இடத்திலும் மீனவ மக்களின் நண்பனாகப் பேசிவிட்டு, வலையைப் பற்றி வாய் திறக்காமல் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வெகுமக்கள்வாதத்தின் கெட்டிக்காரத்தனம் அது. அடித்தட்டு அமைப்பாளருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் அந்த ஊரிலேயே இருக்கிறார், அடுத்த நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும்.

புவனகிரி ஒன்றியத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-இல் வெளிவந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரை மக்களில் ஒரு பகுதியினரே தரையில் உட்கார வைத்தார்கள். உள்ளாட்சி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் அந்த அவமதிப்பு அம்பலமாகி, வழக்காகி, நடவடிக்கை வரை போனதற்கு அவர் ஒரு பதவியில் இருந்தது காரணம். அந்தப் பதவியே இல்லாத புதுச்சேரியில் அதே அவமதிப்புக்குப் பார்வையாளர்களும் இருக்க மாட்டார்கள்.

ஸ்பெயினின் பொதேமோஸ் கட்சியை இளையவர்கள் மறக்காமல் கொண்டுவருவார்கள். 2011-இல் சதுக்கங்களை நிரப்பிய கோபத்திலிருந்து 2014-இல் அந்தக் கட்சி பிறந்தது. சில மாதங்களில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 5 இடங்கள் பெற்றது. ஊர் தோறும் வட்டங்கள் என்ற பெயரில் உறுப்பினர் அவைகள் முளைத்தன. அந்த ஆண்டின் இறுதியிலேயே தேர்தல் வெற்றிக்கு வேகம் வேண்டும் என்ற வாதம் வென்று, முடிவெடுக்கும் அதிகாரம் தலைமையைச் சுற்றிக் குவிந்தது. தொலைக்காட்சியில் தெரியும் ஒரு முகம், இணையத்தில் வாக்களிக்கும் இலட்சக் கணக்கானோர், நடுவில் வற்றிப்போன வட்டங்கள். பின்னர் அமைச்சரவையில் பங்கு கிடைத்தது, குறைந்தபட்சக் கூலியும் உயர்ந்தது. அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாக்கு சரிந்தபோது தாங்கிப் பிடிக்கக் கீழே எதுவும் மீதமில்லை.

இதற்கு மாறான ஒன்று கடலூரில் நடந்திருக்கிறது, அதைப் பற்றி இங்கேயே பலருக்குத் தெரியாது. சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையின் ஆலைகளைச் சுற்றிய காற்றை அடைத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்ப 2004-இல் சுற்றுக் கிராமத்தவர்களே பழகினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம், காற்று எந்தத் திசையில் என்று குறித்துவைத்தார்கள். சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் அவர்கள் திரட்டிய சான்றுகளை அதிகாரிகளால் தள்ள முடியவில்லை. அதில் கவர்ச்சியான தலைவர் யாரும் இல்லை, முழக்கமும் இல்லை. அதன் குறை, அது கிராமங்களைத் தாண்டவில்லை, ஆலைக்குள் வேலை செய்த தொழிலாளியை அதிகம் தொடவில்லை என்பது. வெகுமக்கள்வாதம் துணைக்கு வந்திருக்க வேண்டிய இடம் அது.

ஆகவே நண்பர்களிடம் நான் முன்வைத்திருப்பது புதுச்சேரியின் ரேஷன் கடை. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற திட்டம் 2015-இல் இங்கே தொடங்கிய பிறகு கடைகள் ஒவ்வொன்றாக முடங்கின. பணம் வேண்டாம், அரிசி வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். மாதர் அமைப்புகளும் இடதுசாரிகளும் கூடவே நின்றன. துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் இடையே அது பெரும் மோதலாகவும் ஆனது. கடைசியில் 2024 தீபாவளிக்கு முன்பு கடைகள் திறந்தபோது, அது முதல்வரின் தீபாவளிப் பரிசாக மேடை ஏறியது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் வரிசையில் நின்று பை வாங்கினார்கள். இங்கே அரிசி வந்தது குறையல்ல. கேட்டவர்களுக்கு அந்தக் கடையின் மீது எந்த அதிகாரமும் வரவில்லை என்பதே குறை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு நியாய விலைக் கடைக்கும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் உரிய இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்காகத் தெருவுக்கு வராதவர்கள் எடை குறைந்த அரிசிக்காக வருவார்கள். வரும்போது முழக்கம் எவ்வளவு வெகுமக்கள்தனமாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் குழுவுக்குப் பெயர் எழுதும் அன்று, கடை ஊர்த் தெருவில் இருக்கும் கிராமத்தில் காலனியிலிருந்து யார், எத்தனை பேர் என்பதை எழுதியாக வேண்டும். எங்கள் வட்டத்திலேயே இன்னும் அதற்கு ஒருமித்த பதில் இல்லை. பாகூர்ப் பக்கம் இரண்டு கடைகளை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே பேசிப் பார்ப்பதாக இருக்கிறோம்.